‘மெடிக்கல் எடுத்தனீங்களோ?’: கல்வி ஆலோசகராக நான் தவறவிட்ட ஒரு பதில் (நிகழ்வு ஆய்வு)

நான் கொழும்பில் ஓர் அரச பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். இதில் வரும் மாணவி, கல்வி ஆலோசனைக்காகச் சில வருடங்களுக்கு முன் என் பொறுப்பில் விடப்பட்டவர். பீடம், பாடங்களின் பெயர், வருடம் மூன்றையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எழுதியதை அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஓரிடத்தில் திருத்தினார். அந்தத் திருத்தத்தை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

பின்னணி

மாணவி மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஓர் ஊர். உயர்தரம் வரை தமிழில் படித்தவர். வீட்டில் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் ஆள். விடுதியில் இடம் கிடைக்காததால் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இன்னும் மூன்று பெண்களோடு போர்டிங்கில் இருந்தார். எங்கள் பீடத்தில் விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான். முதல் செமஸ்டரை மூச்சுப்பிடித்துக் கடந்திருந்தார். பெறுபேறு மோசமில்லை.

ஒவ்வொரு புது மாணவருக்கும் பீடம் ஒரு கல்வி ஆலோசகரை நியமிக்கும். எனக்கு அந்த வருடம் 22 பேர். ஆலோசகரின் கடமைகளைச் சொல்லும் ஒரு பக்கச் சுற்றறிக்கை இருக்கிறது. எந்தப் பாடங்களைத் தெரிவது, பெறுபேறு எப்படிப் போகிறது, 3 வருடப் பட்டமா 4 வருடச் சிறப்புப் பட்டமா என்பதெல்லாம் அதில் உண்டு. நடைமுறையில் மாணவர் ஆலோசகரைத் தேடி வருவது பதிவுப் படிவத்தில் கையெழுத்து வாங்கத்தான். வீட்டுப் பிரச்சினை, மன உளைச்சல், பகிடிவதை போன்றவற்றுக்கு ‘மாணவர் ஆலோசகர்’ என்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் முதலாம் வருடத்தினர் குழம்புவார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குழம்பியவள்தான்.

இந்தக் கதை விளங்க ஒரு விதியைச் சொல்ல வேண்டும். பரீட்சைக்கு வராத மாணவர், உரிய காலத்துக்குள் மருத்துவச் சான்றிதழைக் கொடுத்து அது ஏற்கப்பட்டால், அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணக்கில் வரும். என்ன தரம் எடுத்தாலும் அந்தத் தரம் கிடைக்கும். சான்றிதழ் இல்லாவிட்டால் அது ‘ரிப்பீட்’. எவ்வளவு நன்றாக எழுதினாலும் ‘சி’க்கு மேல் போகாது. பெறுபேற்றுத் தாளில் முதலாவது ‘எம்சி’ (மருத்துவச் சான்று) என்று விழும், இரண்டாவது ‘ஏபி’ (வரவில்லை) என்று விழும். எங்கள் பீடத்தில் சான்றிதழைக் கொடுக்க 14 நாள். இந்த விதியில் எனக்குக் குறை இல்லை. படிக்காத பாடத்தை நைசாகத் தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு வேலி வேண்டும்.

இந்த முழு நடைமுறையையும் கம்பஸில் ‘மெடிக்கல்’ என்ற ஒற்றைச் சொல்லால் சொல்கிறோம். மெடிக்கல் எடுத்தேன், மெடிக்கல் போட்டேன், மெடிக்கலில் எழுதினேன் என்று பேச்சு போகும்.

காய்ச்சல்

முதலாம் வருடத்தின் இரண்டாம் செமஸ்டர் பரீட்சை ஜூலையில் நடந்தது. தென்மேற்குப் பருவமழை பெய்து, கொழும்பில் டெங்கு கூடும் காலம். ஐந்து பேப்பர். மூன்றாவதை எழுதிவிட்டுப் போர்டிங்குக்கு வந்த இரவு அவருக்குக் காய்ச்சல் தொடங்கியது. பனடோல் போட்டுக்கொண்டு படித்தார். அடுத்த நாள் எழும்ப முடியவில்லை. தொலைபேசியில் அம்மா, “அங்க ஆரு பாக்கிற? வா புள்ள, ஊருல பாப்பம்” என்று சொல்ல, புறக்கோட்டையில் இரவு பஸ் ஏறிவிட்டார். டெங்குக் காய்ச்சலோடு இரவு முழுக்க பஸ்ஸில் போவது எவ்வளவு ஆபத்து என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ஊரில் அரச வைத்தியசாலையில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். நான்காவது, ஐந்தாவது பேப்பர்கள் இரண்டும் போயின. வீட்டுக்கு விடும்போது கையில் டயக்னோசிஸ் கார்ட், அதாவது என்ன நோய், என்ன வைத்தியம் என்று எழுதிய அட்டை, கொடுத்தார்கள். அதை அவர் ஒரு பொலித்தீன் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்தார்.

இந்த இடத்தில்தான் அவருடைய திருத்தம். “யாரிடமும் கேட்கவில்லை” என்று நான் முதலில் எழுதியிருந்தேன். “கேட்டனான் மிஸ்” என்றார். பஸ் ஏறும் முன் சீனியர் அக்கா ஒருவரை அழைத்திருக்கிறார். “பயப்பிடாத, ரிப்பீட் எழுதலாம்” என்று அந்த அக்கா சொல்லியிருக்கிறார். அது பொய்யும் இல்லை, ரிப்பீட் எழுதலாம்தான். அதற்கு என்ன விலை என்பது அந்த அக்காவுக்கே தெரிந்திருக்கவில்லை. ஆலோசகர் பட்டியலில் என் பெயர் இருந்தது உண்மை. அவசரம் என்று வந்தபோது அவர் அழைத்தது எனக்கு அல்ல. என்னுடைய இலக்கம் அவரிடம் இருக்கவும் இல்லை.

முதல் சந்திப்பு

பரீட்சை முடிந்து ஐந்தாவது வாரம் இரண்டாம் வருடம் தொடங்கியது. படிவங்களில் கையெழுத்திட ஒரு பிற்பகலை ஒதுக்கினேன். 22 பேரும் கதவுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். அவருடைய முறை வந்ததும் வழக்கம்போலக் கேட்டேன்.

“எக்ஸாம் எப்பிடி?”

“காய்ச்சல் மிஸ். ரெண்டு பேப்பர் எழுதல்ல.”

“மெடிக்கல் எடுத்தனீங்களோ?”

“ஓம் மிஸ். மட்டக்களப்புல எடுத்தன்.”

“அப்ப பிரச்சினை இல்லை” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

நான் கேட்டது சான்றிதழை அலுவலகத்தில் கொடுத்தீர்களா என்று. அவர் விளங்கிக்கொண்டது வைத்தியம் பார்த்தீர்களா என்று. “மட்டக்களப்புல” என்ற சொல் என் காதில் இடித்திருக்க வேண்டும். மெடிக்கலை மட்டக்களப்பில் கொடுக்க முடியாது, அதைக் கொடுக்க வேண்டிய அலுவலகம் என் அறையிலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி இருக்கிறது. கதவுக்கு வெளியே இன்னும் 14 பேர் நின்றார்கள்.

14 நாள் அப்போதே கடந்துவிட்டது என்பது சரி. ஆனாலும் பெறுபேறுகள் பல்கலைக்கழகத்தின் மூதவைக்கு (செனட்) போய் உறுதியாகாத வரை, அரச வைத்தியசாலையின் ஆவணத்தோடு ஆலோசகர் கடிதம் வைத்தால் பீடச் சபை பரிசீலிப்பதுண்டு. முந்தைய வருடங்களில் அப்படி ஏற்றதை நானே கண்டிருக்கிறேன். அந்த வாசல் அன்றைக்குத் திறந்துதான் இருந்தது.

இரண்டாவது கையெழுத்து

பெறுபேறு வந்தபோது அந்த இரண்டு பாடங்களுக்கும் நேரே ‘ஏபி’ என்று இருந்தது. ‘எழுதவில்லை’ என்பதற்கான குறி, சரிதானே என்று அவர் நினைத்தார். வேறொரு குறி இருக்க வேண்டியது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நான் அந்தத் தாளைக் கேட்கவில்லை.

அடுத்த செமஸ்டரில், முதலாம் வருடத்தினரோடு சேர்ந்து அந்தப் பாடங்களை எழுதுவதற்கான படிவத்தைக் கொண்டு வந்தார். படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு, ஒன்று ரிப்பீட், மற்றது மெடிக்கல். ரிப்பீட் கட்டத்தில் சரி போட்டிருந்தார், அக்கா சொன்ன சொல் அதுதான். கீழே ‘ஆலோசகரின் அங்கீகாரம்’ என்ற கோட்டில் நான் ஒப்பமிட்டேன். அன்று என்ன பேசினோம் என்பது எனக்கு ஞாபகமே இல்லை. ஆலோசனைக் குறிப்பேடு என்று ஒன்றை நான் அந்த நாட்களில் வைத்திருக்கவில்லை.

பிரச்சினை தெரிய வந்தது

இரண்டாம் வருட இறுதிப் பெறுபேறு வந்து, 4 வருடச் சிறப்புப் பட்டத்துக்கு விண்ணப்பம் கோரினார்கள். விண்ணப்பம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மாலை நாலேகாலுக்கு அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் கொஞ்ச நேரம் வரவில்லை.

“மிஸ், ஒரு டவுட். நான் அந்த ரெண்டு பேப்பரும் நல்லாச் செய்தன். ரெண்டுக்கும் சி போட்டிருக்கு. ரீ-கரெக்‌ஷன் போடலாமா?”

பெறுபேற்றுத் தாளை மேசையில் விரித்தார். அவருடைய முழுத் தாளையும் நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. முந்தைய ‘ஏபி’ இரண்டும் பக்கத்திலேயே இருந்தன. “நீங்க மெடிக்கல் குடுக்கேல்லையா?” என்றேன். பையிலிருந்து பொலித்தீன் உறையை எடுத்தார். டயக்னோசிஸ் கார்ட் மடிப்புக் குலையாமல் உள்ளே இருந்தது. “இதுதானே மிஸ்? இது என்ட கையிலதானே இருக்கு” என்றார்.

இருவருக்கும் விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். இரண்டு வருடத்துக்கு 60 கிரெடிட் (பாடத்தின் பாரத்தைக் காட்டும் அலகு). மற்ற 54 கிரெடிட்டுக்கும் சேர்த்து அவர் எடுத்தது 165 புள்ளி. விடுபட்ட இரண்டும் ஒவ்வொன்று 3 கிரெடிட். ‘சி’ என்றால் 2.00, ஆக 12 புள்ளி. மொத்தம் 177, அதை 60 ஆல் வகுத்தால் சராசரி, அதாவது ஜிபிஏ, 2.95. அவர் விரும்பிய துறை சிறப்புப் பட்டத்துக்குக் கேட்டது 3.00. அடுத்த நாள் காலையில் பரீட்சகரிடம் விசாரித்தேன். இரண்டு விடைத்தாளும் ‘பி பிளஸ்’ அளவில் இருந்தன. 3.30 வீதம் போட்டால் மொத்தம் 184.8, ஜிபிஏ 3.08.

அழுவார் என்று நினைத்து மேசை இழுப்பறையில் ரிஷு தேடினேன். அவர் அழவில்லை. “அப்ப அந்த நாள் நீங்க கேட்டது இதைத்தானா மிஸ்?” என்று மட்டும் கேட்டார். அந்த முதல் உரையாடலை அவர் சொல்லுக்குச் சொல் ஞாபகம் வைத்திருந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ரீ-கரெக்‌ஷன் வேண்டாம் என்று சொன்னேன். புள்ளியில் பிழை இல்லை, உச்சவரம்புதான் தடை. அதற்குக் காசு கட்டுவது வீண்.

சிறப்புப் பட்ட விண்ணப்பத்தை அன்றைக்கே நிரப்பினோம். தகுதி இல்லை என்று திருப்பினாலும் பரவாயில்லை, காலம் தவறிய இன்னொரு காகிதம் அவருடைய கோப்பில் இருக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. கூடவே, தாமதமான மருத்துவச் சான்றை ஏற்கும்படி பீடச் சபைக்கு ஒரு மேன்முறையீடு தயாரித்தோம். டயக்னோசிஸ் கார்டைப் பல்கலைக்கழக வைத்திய அதிகாரி பார்த்து, நோய் உண்மை, அந்தத் திகதிகளில் பரீட்சை எழுதியிருக்க முடியாது என்று உறுதிப்படுத்தினார்.

ஆலோசகர் கடிதம்தான் எனக்குக் கடினமாக இருந்தது. முதல் வரைவில், “மாணவி நடைமுறையை அறிந்திருக்கவில்லை” என்று எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்தால் முழுப் பிழையும் அவர் தலையில் விழுந்திருந்தது. கிழித்துவிட்டு, எந்தத் திகதியில் என்ன கேட்டேன், அவர் என்ன பதில் சொன்னார், நான் ஏன் ஆவணத்தைக் கேட்கவில்லை என்று நடந்தபடி எழுதினேன். சக விரிவுரையாளர் ஒருவர், “உங்களுக்கெதிரா நீங்களே கடிதம் குடுக்கிறீங்கள்” என்றார். இருக்கட்டும் என்றேன்.

துறைத்தலைவரைத் தனியாகச் சந்தித்து “இந்த ஒருவருக்கு மட்டும்” என்று கேட்கலாம் என்ற எண்ணமும் வந்தது. கேட்கவில்லை. 2.97, 2.98 என்று நின்ற வேறு பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள், அவர்களுக்காகப் பேச அங்கே யாரும் இல்லை.

மாணவியிடம், கிடைப்பதற்கான வாய்ப்பு குறைவு என்று முதலே சொன்னேன். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

பின் நடந்தவை

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பெறுபேறுகள் ஏற்கெனவே மூதவையால் உறுதிப்படுத்தப்பட்டுவிட்டன, மாணவி தாமே ரிப்பீட் என்று குறித்திருக்கிறார், அதை ஆலோசகர் அங்கீகரித்திருக்கிறார், எனவே மாற்ற இயலாது என்பது சாரம். என் கடிதத்தில் நான் எவ்வளவு விளக்கியிருந்தாலும், என் இரண்டாவது கையெழுத்து அதைவிடப் பலமாக இருந்தது.

அப்புறம் நான் இன்னொரு பிழை விட்டேன். வேறொரு துறை 2.75க்கு மேல் எடுத்தவர்களைச் சிறப்புப் பட்டத்துக்குச் சேர்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு அவ்வளவு பிடிக்காத பாடம், ஆனால் 4 வருடப் பட்டம், 120 கிரெடிட். 3 வருடப் பட்டம் என்றால் 90 கிரெடிட்டோடு முடியும், பின்னால் ஆய்வு முதுமாணி செய்வதற்கு வழி சுற்று. சேரச் சொல்லி நெருக்கினேன். ஒரு வாரத்தில் இரண்டு தரம் கூப்பிட்டேன். இரண்டாவது தரம் அவர் கொஞ்சம் தலை நிமிர்ந்து சொன்னார்:

“மிஸ், அண்ணன் கடன் எடுத்துத்தான் எனக்கு போர்டிங் காசு அனுப்புற. மூணு வருசத்தில முடிச்சா ஒரு வருசம் எனக்கு மிச்சம். விருப்பமில்லாத பாடத்துக்கு அந்த வருசத்தக் குடுக்க ஏலா.”

கடனைப் பற்றி நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை, நான் கேட்டதுமில்லை. அவருக்கு நேர்ந்த இழப்பில் எனக்கும் பங்கு இருந்தது. அதை எப்படியாவது 4 வருடப் பட்டம் ஒன்றால் நிரவிவிட வேண்டும் என்று நான் அந்தரப்பட்டிருக்கிறேன் என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது. 3 வருடப் பட்டத்துக்கான படிவத்தில் ஒப்பமிட்டேன். அதுதான் நான் முழுதாக வாசித்து ஒப்பமிட்ட அவருடைய முதல் படிவம்.

மூன்றாம் வருடம் நன்றாகச் செய்தார். 30 கிரெடிட்டுக்கு 102 புள்ளி. இறுதி ஜிபிஏ 3.10, இரண்டாம் வகுப்புக் கீழ்நிலை. இப்போது கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறார். அண்ணனின் கடனில் பாதி முடிந்துவிட்டதாம். அந்த இரண்டு பாடங்களைப் பற்றிக் கேட்டால், “கவலதான் மிஸ்” என்பார். வேறெதுவும் சொல்ல மாட்டார்.

இப்போது மாற்றியிருப்பவை, மாறாதவை

ஒரே பிற்பகலில் எல்லோரையும் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து பேர். ஒவ்வொருவரும் பெறுபேற்றுத் தாளின் பிரதியோடு வர வேண்டும். தாள் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புகிறேன், முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

‘மெடிக்கல்’ என்ற சொல்லை என் அறைக்குள் நான் கேள்வியாகப் பாவிப்பதில்லை. “என்ன காகிதம் குடுத்தீங்கள், எந்த அலுவலகத்தில், எண்டைக்கு, முத்திரை குத்தின பிரதி எங்கே?” என்று கேட்கிறேன். ஓம், இல்லை என்று தப்பிக்க முடியாத கேள்விகள். தமிழ்ப் பிள்ளைகளோடு தமிழில் பேசினால் விளங்கிவிடும் என்ற என் நம்பிக்கை இந்த நிகழ்வோடு ஆட்டம் கண்டது. நாங்கள் இருவரும் பேசியது தமிழ்தான். குழப்பியது கம்பஸ் பாஷை, அது சிங்களப் பிள்ளைகளையும் இதே மாதிரித்தான் குழப்புகிறது. அதனால் மூன்று மொழியிலும் அரைப் பக்கத்தில் ஒரு தாள் அடித்து, முதல் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே கொடுக்கிறேன். அதன் மேலே என் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. இதுவரை யாரும் நடுச்சாமத்தில் அழைத்துத் தொல்லை தரவில்லை.

குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறேன், ஒரு சந்திப்புக்கு மூன்று வரி. பேசி முடிந்ததும் அதையே மாணவருக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறேன். தாங்கள் சொன்னதை நான் பிழையாக விளங்கியிருந்தால் பதில் போடுகிறார்கள், மூன்று நாலு தரம் நடந்திருக்கிறது. பட்டத் தெரிவைப் பற்றிப் பேசும்போது புள்ளிக்கு முன் காசைக் கேட்கிறேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

படிவத்தை மாற்றச் சொல்லிப் பீடத்துக்கு எழுதினேன். ரிப்பீட், மெடிக்கல் என்ற இரண்டு கட்டங்களுக்கும் கீழே ஒவ்வொரு வரி விளக்கம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. குழு ஒன்றுக்கு அனுப்பியிருப்பதாகப் பதில் வந்தது. படிவம் இன்னும் பழையதுதான்.

போன வருடம் இரண்டாம் செமஸ்டரில் மலையகத்துப் பையன் ஒருவன், பரீட்சைக்கு வராத காரணத்தைச் சொல்ல வந்தான். காய்ச்சலில்லை, வீதி விபத்து, கையில் கட்டு. “எல்லாம் குடுத்திட்டேன் மிஸ்” என்றான். முத்திரை குத்தின பிரதியைக் கேட்டேன். பையைத் துழாவி வைத்தியசாலைத் துண்டை எடுத்து நீட்டினான், மூலப்பிரதி. அன்று பன்னிரண்டாவது நாள், மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. அலுவலகம் மூட முக்கால் மணித்தியாலம் இருந்தது. அடுத்து வரவிருந்தவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இரண்டு பேருமாக நடந்து போனோம்.